பேர் வைத்த ஆடுகள்

ஆங்கீரச வருஷம் குற்றாலத்தில் சாரல் சற்று முந்தியே விழுந்துவிட்டது. தென்காசி கைலாசம் பிள்ளை வழக்கம்போலச் சமையற்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள், காரியஸ்தர் குற்றாலிங்கம் சகிதம் வந்து, அருவிக்கரையில் வாடகைக்கு எடுத்த பங்களாவில் இறங்கினார். சிற்றாற்றுப் பாசனத்தில் அவருக்கு நல்ல நஞ்சை இருந்தது. அதைப் பதினைந்து குடிகள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுவந்தார்கள். அவர்களில் ஒருவன் தங்கசாமி.

தங்கசாமிக்கு ஒவ்வொரு சாரலிலும் பண்ணையாரிடம் ஒரு தனி வேலை உண்டு. பண்ணையார் அருவியில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்கு எதிரே இருக்கும் கல்மண்டபத்துக்கு வருவார். அந்த மண்டபத்துத் தளத்தில் எந்தக் காலத்துக் கல்தச்சனோ ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு வெட்டிவைத்திருந்தான். பண்ணையார் மூன்று புலிகளை வைத்துக்கொள்வார். தங்கசாமி பதினைந்து ஆடுகளையும் ஒவ்வொன்றாக இறக்குவான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆடுபுலியில் தங்கசாமியை மடக்க ஆள் கிடையாது. ஆனால் பண்ணையாரிடம் மட்டும் அவன் வருஷம் தவறாமல் தோற்பான். அதையும் அழகாகச் செய்வான். கடைசிவரை புலிகளுக்கு மூச்சு முட்டும்படி ஆடிவிட்டு, ஓர் இடத்தில் கை தவறினாற்போல ஓர் ஆட்டைத் திறந்துவிடுவான். பிறகு வரிசையாக ஆடுகள் விழும். பண்ணையார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு அறுவடை வரைக்கும் தன் வயலைக் காக்கும் என்று தங்கசாமி நம்பினான்.

அந்த வருஷம் பண்ணையாருக்கு ஒரு விருந்தாளி. திருநெல்வேலி வக்கீல் காந்திமதிநாதன். விளையாட்டுகளுக்கு எப்படிப் பெயர் வந்தது, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மாதப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறவர். காய்களை அடுக்கிக்கொண்டிருந்த தங்கசாமியின் தலைக்கு மேலே பேச்சு நடந்தது.

"தாயம்னா என்னன்னு நெனைக்கிய அண்ணாச்சி? பங்குன்னு அர்த்தம். தகப்பன் சொத்துல புள்ளைக்கு உள்ள பாத்தியதை. தாயாதிங்கிறதும் அதுல இருந்து வந்த பேருதான். பங்காளி பங்காளிய வெட்டுத மாதிரியே காயை வெட்டிக்கிடுதோம் பாத்தியளா."

"அதை நாங்க கட்டம் போடாமலே கோர்ட்டுல ஆடி முடிச்சாச்சு வே," என்றார் கைலாசம் பிள்ளை.

வக்கீல் சிரித்தார். "சரி, இந்த ஆட்டத்துக்கு வருவோம். தெலுங்குக்காரங்க இதைப் புலி ஜூதம்பாங்க. புலியோட சூதாட்டம். ஆட்டுக்கு அந்தப் பேருல எடமே கெடையாது. செங்கோட்டையத் தாண்டி மலைக்கு அங்கிட்டுப் போனா நாயும் புலியும்பாவ. அங்கன ஆடே நாயாப் போச்சு. நம்மகிட்டதான் ஆடு முந்தி, புலி பிந்தி. எதுக்குன்னு எனக்குப் பிடிபட மாட்டேங்கு."

"இதுல என்ன பிடிபடணும்? பந்தியில எலை முந்தி விழுது. திங்குதவன் பெறவுதான உக்காருதான்."

வக்கீலுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பண்ணையாருக்கு உற்சாகம் ஏறியது. வரிசையாகக் கிடந்த புளியங்கொட்டைகளைக் காலால் லேசாகக் கலைத்தார்.

"எனக்கு ஒரு கொறை வே. இந்தப் பதினஞ்சும் ஒண்ணுபோலக் கெடக்கு. எதைத் தின்னோம்னு தெரிய மாட்டேங்கு. ஒவ்வொண்ணுக்கும் பேரு இருந்தால்லா ருசி." பிறகு தங்கசாமியைப் பார்த்தார். "ஏலே, நம்ம குடிகளும் பதினஞ்சுதானலே?"

"ஆமாய்யா."

"அந்தால சரியாப் போச்சு. மருமகனுக்குக் கொஞ்சம் வயலு ஒதுக்கணும்னு இருக்கேன். எவன் வயல எடுக்கன்னு தெரியாம மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தேன். இனிப் புலியே எடுக்கட்டும். வார வெள்ளிக்கிழமை பதினஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு காய் கொண்டாங்க. அவன் காய்தான் அவன். நீ ஆட்டை இறக்கு. என் புலி எவனைத் தாண்டுதோ அவன் வயலு மருமகனுக்கு. புலி மூணும் அடைபட்டுப் போச்சுன்னா மிச்சம் இருக்கவன் எல்லாம் பொழைச்சான்."

தங்கசாமி கலைந்த கொட்டைகளை மறுபடி அடுக்கத் தொடங்கினான். பண்ணையாருக்கு வேடிக்கைப் பேச்சு வழக்கம்தான். ஒரு நாழிகையில் மறந்துவிடுவார். அன்றும் மறந்திருப்பார். அவனுக்காக இரங்கியோ என்னவோ வக்கீல்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி சும்மா சொல்லுதாவ."

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கைலாசம் பிள்ளையின் முகம் மாறியது. தெய்வ சன்னிதிக்கு எதிரே இருந்து சொன்ன சொல்லை மாற்றியதில்லை என்பது அவருடைய பெருமை. இதே மண்டபத்தில் ஒருமுறை கோயிலுக்கு வெள்ளி விளக்கு தருவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டு, மறுமாதமே கொண்டுவந்து வைத்தவர். ஊரில் அதை இன்றும் சொல்வார்கள். நல்ல குணம்தான். நல்ல குணமும் இரக்கம் இல்லாதவன் கையில் கத்தியாகிவிடும் என்பதை அந்தப் பதினைந்து வீடுகளும் அன்று தெரிந்துகொண்டன.

"குற்றாலநாதருக்கு எதிர்க்க இருந்துல்லா சொல்லுதேன். சும்மாவா சொல்லுவேன்? தங்கசாமி, நீ வராம இருந்தியோ, பதினஞ்சு வயலும் போச்சு. கேட்டியா?"

"கேட்டேன்யா."

தென்காசிக்கு நடந்து திரும்பும்போது தங்கசாமிக்கு ஒன்று மட்டும் மனத்தில் சுழன்றது. இத்தனை வருஷமும் அவரை ஜெயிக்கவிட்டது தான்தான். ஒரு தடவையாவது புலியை அடைத்துக் காட்டியிருந்தால், நாலைந்து வயல் எளிதாக விழும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

செய்தி அவனுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தது. மறுநாள் முதலே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவன் சுந்தரபாண்டியன். வாட்டசாட்டமான ஆள், நாலு அண்ணன் தம்பி உள்ளவன். வாசலில் நின்றபடியே வண்டிக் கடையாணி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதுதான் என் காயி. கனமா இருக்கா? கீழ்க்கோட்டுல மூலையில வச்சிரு மச்சான். அங்கன இருந்தா எந்தப் புலியும் தாண்ட முடியாதுன்னு நீதான ஒருநா சொன்ன."

"பாக்கேன்டே."

"பாக்காதே, வையி. நாளைக்கு வயக்காட்டுல ரெண்டு பேரும் மூஞ்சில முழிக்கணும்லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போகும்போது தங்கசாமியின் தோளில் கை போட்டு அழுத்திவிட்டுப் போனான். அந்த அழுத்தம் நெடுநேரம் தோளில் இருந்தது.

அடுத்து மூசா ராவுத்தர் வந்தார். வயதில் மூத்தவர், கூச்ச சுபாவம் உள்ளவர். கொல்லம் பக்கத்துச் சம்பந்தி வீட்டில் மழை எப்படி, மாட்டுக்குச் சப்பை நோய் வந்தால் என்ன பண்டுவம் என்று எதையெதையோ பேசினார். எழுந்து கிளம்பியவர், மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர்போலப் படியில் நின்றார்.

"மாப்ள, எனக்குக் கேக்கவே நாக்கு கூசுது. ரெண்டு பொட்டப்புள்ளை வீட்டுல கெடக்கு."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சாச் சரி." ஒரு கொட்டைப்பாக்கை அவன் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஒருவர் சேவல் கொடுத்தனுப்பினார். ஒருவர் மனைவியை அனுப்பினார். அந்த அம்மாள் ரெங்கம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே அழுதாள். ரெங்கம்மாள் தங்கசாமியின் மனைவி. மூன்று பிள்ளைகளையும் ஒரு கிழட்டுப் பசுவையும் அந்த வயலை நம்பி வளர்க்கிறவள். வந்தவர்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள், எல்லோருக்கும் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பொழுது சாய, ஒரு துணியில் முடிந்திருந்த காய்களை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்த புருஷனிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் சரின்னு சொல்லியாச்சு. எல்லாரையும் காப்பாத்த முடியுமா?"

"ஒண்ணாவது போகும். ஒரு ஆட்டைக் குடுக்காம மூணு புலியையும் அடைக்க முடியாது. அவரு ஒண்ணும் ஆடத் தெரியாத மனுசன் இல்ல."

"ஒண்ணுன்னா யாரு?"

"நம்ம கூழாங்கல்லைத்தான் புலிக்குக் குடுக்கணும். நான்தான இதுக்கெல்லாம் காரணம்."

ரெங்கம்மாள் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது இன்னார் வீட்டுது, இது இன்னார் வீட்டுது," என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்று குறைந்தது.

"ஆவுடைத்தாய் வரல," என்றாள். "மத்த எல்லாரும் வந்துட்டாவ. அவ ஒருத்திதான் வரல."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நல்லது. தங்கசாமி அதற்குப் பதில் சொல்லியிருப்பான், இரண்டு பேரும் சண்டை போட்டிருப்பார்கள், அந்த எண்ணம் அங்கேயே செத்திருக்கும். சொல்லாமல் விட்டதால் அது அவனோடு படுத்து அவனோடு எழுந்தது.

ஆவுடைத்தாயின் புருஷன் மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்தவன். பிள்ளைகள் இல்லை. பெண்பிள்ளைக்கு எதற்குக் குத்தகை என்று குற்றாலிங்கம் அப்போதே முணுமுணுத்தார். அவள் பண்ணையார் வீட்டு வாசலில் ஒருநாள் முழுக்க நின்று அந்த வயலை வாங்கிக்கொண்டாள். அவளே வரப்பு வெட்டினாள், அவளே தொளிச் சேற்றில் இறங்கினாள். ஊரில் அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை, அவளுக்கு எதிராகப் பேசவும் ஒருவருக்கும் காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை குடிகள் எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். வெளியே சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. பண்ணையார் குளித்து, திருநீறு பூசி, சன்னிதியில் அர்ச்சனை முடித்து வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் வக்கீல். ஆவுடைத்தாய் கடைசியாக வந்து, காயைத் தங்கசாமியின் துணியில் வைத்தாள். பலாக்கொட்டை ஒன்று. கழுவித் துடைத்து, சுத்தமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் தூண் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"கை வச்ச காயை மாத்தக் கூடாது," என்றார் பண்ணையார். "வைக்கும்போது பேரைச் சொல்லி வையி. வக்கீலு கேக்கணும்."

தங்கசாமி வைக்கத் தொடங்கினான். பின்னால் ஆள் இருக்கிற ஆட்டைப் புலி தாண்ட முடியாது. தாண்டினால் இறங்க இடம் வேண்டும். அதனால் அவன் அடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். கடையாணியை மூலையில் வைத்து, "சுந்தரபாண்டியன்" என்றான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. கொட்டைப்பாக்கை அதன் பக்கத்தில் வைத்து, "மூசா ராவுத்தர்" என்றான். புலிகள் முன்னும் பின்னும் மோப்பம் பிடித்தன. ஒரு காய்க்குப் பின்னால் இன்னொரு காய், அதற்குத் துணையாகப் பக்கத்தில் ஒன்று. அன்று அவன் ஆடிய ஆட்டத்தைப்போல அந்தக் கல் அதற்கு முன் கண்டதில்லை. பண்ணையாரின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"இதென்னலே, இந்த வருசம் புதுசா ஆடுத?"

"ஐயாவோட ஆடி ஆடிப் பழகினதுதான்யா."

"நாக்கு நீளுது."

துணியில் இரண்டு காய்கள் மிச்சம் இருந்தன. அவனுடைய கூழாங்கல். ஆவுடைத்தாயின் பலாக்கொட்டை.

தங்கசாமி கட்டத்தைப் பார்த்தான். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நடுக்கோட்டில் நின்ற புலிக்கு எதிரே ஓர் ஆட்டை வைத்தால், அது தாண்டும். தாண்டி விழுகிற இடத்திலிருந்து அது திரும்பி வர முடியாது. அதன் பிறகு மற்ற இரண்டையும் அடைப்பது பெரிய காரியம் இல்லை. பதினான்கு வயல் தப்பும். அந்த நடுக்கோட்டில் வைக்கிற ஆடு மட்டும் போகும். மற்றது ஓரத்தில், துணை உள்ள இடத்தில், பத்திரமாக உட்காரும்.

அவன் கூழாங்கல்லை எடுக்கத்தான் துணிக்குள் கையை விட்டான். அப்படித்தான் அவன் பின்னாளில் ஆண்டவனிடம் சொல்லிக்கொண்டான், அது பொய்யும் இல்லை. விரல் கல்லைத் தொட்டது. கல் குளிர்ந்து இருந்தது. கிழட்டுப் பசு நினைவுக்கு வந்தது. மூன்று பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக் கிடப்பது நினைவுக்கு வந்தது. அவள் வந்து கேட்கவில்லையே, வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன, என்று மனத்துக்குள் ஒரு குரல் கோபமாகப் பேசியது. அந்தக் கோபம் அவனுக்குப் பெரிய உதவியாக இருந்தது. கை வெளியே வந்தபோது அதில் பலாக்கொட்டை இருந்தது.

நடுக்கோட்டில் வைத்தான். பேர் சொல்ல மறந்துவிட்டான்.

"இது யாரு?" என்று கேட்டார் வக்கீல்.

தங்கசாமி துணியில் மிச்சமிருந்த கல்லைப் பார்த்தான். தூண் பக்கத்திலிருந்து அவளே சொன்னாள்.

"ஆவுடைத்தாய்."

புலி தாண்டியது. பண்ணையார் பலாக்கொட்டையை எடுத்து வக்கீலின் மடியில் போட்டார். "இந்தாரும் வே. சுட்டுத் திங்கலாம்."

சிலர் சிரித்தார்கள். பயம் தெளிந்தவர்களின் சிரிப்பு அது. தங்கசாமி கூழாங்கல்லை ஓரத்தில் வைத்து, தன் பேரைத் தானே சொன்னான். பிறகு ஆடுகளை நகர்த்தினான். கொஞ்ச நேரத்தில் மூன்று புலிகளும் அசைய முடியாமல் நின்றன.

கைலாசம் பிள்ளைக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. கட்டத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை வருசமும் என்னைய ஏமாத்தியிருக்கான் வே இந்தப் பய. ஒரே ஒரு ஆட்டைக் குடுத்துப் பதினாலைக் காப்பாத்திப்புட்டான்." குடிகள் தங்கசாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். சுந்தரபாண்டியன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தூக்கிய உயரத்திலிருந்து பார்த்தபோது தூண் பக்கம் ஒருவரும் இல்லை.

"எழுதிக்கிடும் வே," என்றார் பண்ணையார். "ஆடு எதுக்கு முந்தின்னு கேட்டீரே. ஆட்டைக் குடுக்கத் தெரிஞ்சவன்தான் ஜெயிக்கான். அதான் அது முந்தி நிக்கி."

"எலை வெளக்கத்தை விட இது நல்லாருக்கு அண்ணாச்சி," என்றார் வக்கீல்.

பண்ணையார் எழுந்து மேல்வேட்டியை உதறிக்கொண்டார். "ஒரு வயலை வச்சு மருமகன் என்ன செய்வான்? சீதனம் குடுத்தேன்னு சொல்லவே கேவலம். ஏலே தங்கசாமி, நல்லா ஆடுனே. சொன்ன சொல்லுக்கு அது மருமகன் பேருல கெடக்கட்டும். அந்தப் பொம்பளை வயலையும் நீயே பாத்துக்கோ."

தங்கசாமி கும்பிட்டான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. படி இறங்கும்போது குற்றாலிங்கம் அவன் காதருகே வந்தார்.

"ஒனக்கு மனசு எளகும்னு தெரியும். அவளையே பயிர் வைக்கச் சொல்லலாம்னு நெனைக்காத. அவ காலு அந்த வயல்ல பட்டுச்சுன்னா ரெண்டு வயலும் போயிரும். ஐயா சொல்லச் சொன்னாவ."

மறுநாள் விடிந்ததும் தங்கசாமி மண்வெட்டியோடு ஆவுடைத்தாயின் வயலுக்குப் போனான். முந்தின இரவு ரெங்கம்மாள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வயலில் ஒரு மூலையில் நாற்றங்கால் பச்சையாக எழும்பி நின்றது. அவள் விதைத்த நாற்று. இன்னும் சில நாளில் பிடுங்கி நடவேண்டிய பருவம்.

வரப்பின் தலைமாட்டில் ஆவுடைத்தாய் நின்றாள். தலையில் ஒரு துணி மூட்டை. சாரலில் நனைந்திருந்தாள். வயலுக்குள் கால் வைக்காமல் பொதுப் பாதையிலேயே நின்றாள். உத்தரவு அவளுக்கும் போயிருந்தது.

"வந்துட்டியா தங்கசாமி. ஒன்னையத்தான் பாத்துட்டு நின்னேன்," என்றாள். "வடக்கு வரப்புல நண்டு வளை இருக்கு. மேல பாத்தாத் தெரியாது, தண்ணிக்குள்ள கைய விட்டாத்தான் தெரியும். அதை அடைக்கலன்னா ராத்திரியோட ராத்திரியா தண்ணி பூரா வடிஞ்சிரும். நாத்து காஞ்சுபோகும்."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கீழ்ப்பக்கம் கொஞ்சம் உவரு. அங்கன ஆட்டுப் புழுக்கை போட்டு வச்சிருக்கேன். நீ மறுபடி போட வேண்டாம், அழுகிரும்."

"எங்க போறிய அக்கா?"

"செங்கோட்டைக்கு. மலைக்கு அங்கிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆளு எடுக்காவளாம். கங்காணி ரயிலடிக்கு வரச் சொல்லியிருக்கான்."

தங்கசாமி இரவெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு நியாயம் வெளியே வந்தது. "எல்லாரும் வீட்டுக்கு வந்தாவ. நீங்க மட்டும் எதுக்கு வரல? வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

ஆவுடைத்தாய் அவனை ஏதோ புரியாத கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வந்து என்னன்னு சொல்ல? என்னைய விட்டுட்டு வேற ஆளைக் குடுன்னா?" மூட்டையைச் சரிசெய்துகொண்டாள். "யாரைக் குடுக்கச் சொல்லுவேன்? எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிதான."

அவள் நடந்தாள். பாதைத் திருப்பத்தில் மூசா ராவுத்தர் தாழங்குடையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. குடையை அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடக்கத் தொடங்கினார். அவர் பாதி நனைந்தார். ரயிலடி வரைக்கும் அப்படியே போனார் என்று பிற்பாடு சொன்னார்கள். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போன வயலை அது திருப்பித் தராது. ஆனாலும் ஆண்டவன் கணக்கில் இந்த மாதிரிக் காரியங்கள் விட்டுப்போவதில்லை என்று நம்பாமல் ஒரு மனிதன் எப்படி மறுநாள் எழுந்திருப்பான்?

தங்கசாமி வயலில் இறங்கினான். வடக்கு வரப்பில் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினான். அவள் சொன்ன இடத்திலேயே வளை இருந்தது. உள்ளே இருந்த நண்டு விரலைக் கவ்வியது. அவன் கையை எடுக்கவில்லை. களிமண்ணை அள்ளி அள்ளித் திணித்தான். நீரோட்டம் நிற்கிற மட்டும் திணித்தான்.

"ஏலே தங்கசாமி."

குற்றாலிங்கம் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தார். மண்ணில் மிதியடி வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"ஐயாவுக்கு ராத்திரி பூரா ஒன் ஆட்டத்தைப் பத்தித்தான் பேச்சு. அடுத்த சாரலுக்கும் இப்படியே பேரு வச்சு ஆடணுங்காவ. வக்கீலு திருநெல்வேலியில இருந்து ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வாராராம். அதுல ஒரு சிக்கல். இப்பம் குடி பதினாலுதான இருக்கு? ஒரு ஆடு கொறையுது. ஒன்கிட்ட ரெண்டு வயலு இருக்கதுனால ரெண்டு காய் நீ வைக்கணுமாம். ஒண்ணுக்கு ஒன் பேரு. இன்னொண்ணுக்கு ஒன் மூத்த மவன் பேரை வைக்கச் சொன்னாவ."

தங்கசாமி நிமிர்ந்தான். முழங்கை வரை சேறு. விரலிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஆட்டை எறக்க வேற ஆளைப் பாத்துக்கிடச் சொல்லும்," என்றான்.

"என்ன?"

"நான் ஆட மாட்டேன்."

குற்றாலிங்கம் அவன் முகத்தைப் பார்த்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். முப்பது வருஷமாக ஒரே முதலாளியின் உப்பைத் தின்று, அவர் சொன்னதையெல்லாம் செய்து பழகியவர். அந்த நிமிஷத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ, குடையைக் கொஞ்சம் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"மழைச் சத்தத்துல நீ சொன்னது ஒண்ணும் என் காதுல விழல," என்றார் மெதுவாக. "கோட்டி பிடிச்ச மாதிரி எதுவும் பேசாத. ரெண்டு வயலு. பிள்ளைகளை நெனைச்சுக்கோ. சரிய்யான்னு தங்கசாமி சொன்னான்னு நான் போய்ச் சொல்லிக்கிடுதேன்."

அவர் திரும்பி நடந்தார். வரப்பு முடிகிற இடம் வரை போயிருப்பார். நாற்று காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது.

தங்கசாமி வயல் நடுவே நின்றபடி, ஆட மாட்டேன் என்பதையே இன்னொரு தடவை, உரக்கச் சொன்னான்.